நல்ல மாத்திரை

"எங்க ஊட்டுக்காரர் என்னோட மாத்திரையைத் திருடிட்டாருங்க மேடம்."

பாலாமணி நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

கெஸியா பேனாவை மூடி வைத்தாள். குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் கொலஸ்ட்ரால் மருந்து ஆராய்ச்சியை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். பழைய மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புது மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பது கெஸியாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் பாலாமணியும், அதே எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவள் கணவன் வேலுசாமியும் ஒன்றாகவே இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள். பழைய மாத்திரையைப் போட்டால் இரண்டு பேருக்குமே கால் பிடித்துக்கொள்ளும். மேட்டில் ஏற முடியாது.

"திருடினதை நீங்க பாத்தீங்களாக்கா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேனுங்க. போன மாசம் ஒரு நா காலையில. நான் குளிக்கப் போயிட்டேன்னு நெனச்சுட்டு, என் டப்பாவுல இருந்ததைத் தன்னோட டப்பாவுலயும், தன்னோடதை என்னோடதுலயும் மாத்திக் கொட்டினாரு. எனக்கு வந்தது நல்ல மாத்திரைன்னு எப்படியோ மோப்பம் புடிச்சிருக்காரு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"பேச்சையே நிறுத்திட்டனுங்க. எங்கண்ணன் நெஞ்சுவலியில துடிச்சப்போ பக்கத்துலயே நின்னு பாத்தவருதான் இவரு. அப்படியும் இப்படிச் செஞ்சா, அந்த மனுசனோட என்ன குடும்பம்? கீழ் கோத்தகிரிக்கு எங்கக்கா ஊட்டுக்கே போறேன். அதுக்கு முன்னால நீங்க நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி அவரை நாலு கேள்வி கேக்கோணும்."

கெஸியாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலுசாமி மாதாமாதம் வருவார். மனைவியின் முறை முடியும்வரை பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அழுத்தக்காரர் என்று முன்பே ஓர் எண்ணம் இருந்தது.

உள்ளே கூப்பிட்டாள்.

"அக்காவோட மாத்திரையை எடுத்தீங்களாண்ணா?"

வேலுசாமி மனைவியைப் பார்த்தார். கழுத்து மப்ளரைச் சரி செய்தார்.

"எடுத்தேனுங்க."

"வெட்கமா இல்ல? உங்க உசுரு மட்டும்தான் உசுரா?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"ஆராய்ச்சி கெட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். கூட வாழறவங்க மருந்தைப் புடுங்கித் தின்னா அது உடம்புல ஒட்டுமா?"

"வெளிய ஒரு லேபுல ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்தேனுங்க. சுகர் டெஸ்டுன்னு சொல்லித்தான் இவளைக் கூட்டிட்டுப் போனேன்."

"வெளிய பாக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே!"

"சொன்னீங்க. மனசு கேக்கலைங்க. எனக்குக் கொழுப்பு பாதியாக் கொறைஞ்சிருக்குது. இவளுக்கு அதே எடத்துல நிக்குது."

கெஸியாவுக்குக் கணக்கு உதைத்தது.

"உங்களுக்குத்தானே குறைஞ்சிருக்கு? அப்புறம் எதுக்கு அக்காவோடதை எடுத்தீங்க?"

"நல்லது என் டப்பாவுலதான் இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சுங்களே. அதை இவளுக்குக் கொட்டிட்டு, டம்மியை நான் எடுத்துக்கிட்டேன். கேட்டுட்டுச் செஞ்சா இவ ஒத்துக்க மாட்டாளுங்க."

கெஸியா பேனாவைத் திறந்தாள். எழுத ஒன்றும் இல்லாததால் மறுபடி மூடினாள்.

"எது டம்மின்னு எனக்கே தெரியாதுண்ணா. உங்க கணிப்பு தப்பாக்கூட இருக்கலாம். எப்படியும் டாக்டர்கிட்ட நான் சொல்லியாகணும்."

"சொல்லுங்க. வேணும்னா என்னைத் தூக்கிடுங்க. இவளைத் தூக்கிடாதீங்க. இந்த ஒரு மாசமாத்தான் நல்ல மாத்திரை திங்கறா."

பாலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திங்கலைங்க" என்றாள். "அன்னிக்கு இவரு ஃபேக்டரிக்குப் போனதும், திருட்டு மனுசன்னு திட்டிக்கிட்டே எல்லாத்தையும் நான் திருப்பி மாத்திக் கொட்டிட்டேன்."