ஹீலியம் கலந்த குரல்

ரோலண்ட் இறந்து ஒரு வருடமாகிறது. அவன் குரல் என்று மனைவி சூசனின் கைப்பேசியில் ஒரே ஒரு வீடியோதான் மிச்சம். மகளின் பிறந்தநாளன்று பலூனிலிருந்த ஹீலியத்தை உறிஞ்சிக்கொண்டு, "கேரலின், அப்பாகிட்ட வா!" என்று கீச்சுக்குரலில் கூப்பிடுவான். ஆறு வயது கேரலின் தினமும் அதைப் போட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

சிங்கப்பூர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் சூசனின் தம்பி டாரிலுக்கு மனசு கேட்கவில்லை.

"ஹீலியம் காத்தைவிட லேசுக்கா. அதுல சத்தம் வேகமாப் போகும், அதான் குரல் அப்படி மாறுது. கம்ப்யூட்டர்ல அத்தானோட உண்மையான குரலைக் கொண்டு வந்துடலாம்."

"வேணாம் லா. இதுவே போதும்."

அழுதுவிடுவோமோ என அக்கா பயப்படுகிறாள் என்று நினைத்தான் டாரில். அடுத்த வாரம் கெலாங் பாத்தாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தவன், யாரிடமும் சொல்லாமல், அந்த வீடியோவிலிருந்து மீட்டெடுத்த குரலை ஸ்பீக்கரில் போட்டான்.

"கேரலின், அப்பாகிட்ட வா!"

அச்சு அசல் ரோலண்ட்.

விளையாடிக்கொண்டிருந்த கேரலின் மேசைக்கு அடியில் ஓடிச் சுருண்டு, இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்கப்பா... நான் அழமாட்டேன்."

சூசன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

"மத்த வீடியோ எல்லாத்தையும் நான்தான்டா அழிச்சேன். இந்த ஒண்ணுலதான் அவளுக்குப் பயமில்லாத அப்பா இருந்தாரு."