இடுப்பில் ஒரு புள்ளி

“இடுப்பெலும்புக்குப் பரவிருச்சு கண்ணு. ரிப்போர்ட்டை அடிச்சுப்போடு.”

சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார் டாக்டர் தனசேகர். கணினித் திரையின் முன்னால் இருந்த லிடியாவின் விரல்கள் அசையவில்லை.

அஸ்தம்பட்டியில் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டருக்கு அவர்தான் தலைமை டாக்டர். காமா கேமராவை இயக்கிப் படம் எடுப்பவள் லிடியா. ஒரே திரையைப் பார்த்துச் சண்டை போட்டுப் பழகியவர்கள் இருவரும்.

திரையில் ஓர் எலும்புக்கூடு மங்கலாகத் தெரிந்தது. காலையில் ஊசி வழியே ஏற்றிய மருந்து எலும்புகளில் போய்த் தங்கி, காமா கதிர்களை வீசும். கேமரா அதைப் பிடித்துப் படமாக்கும். மற்ற எலும்பெல்லாம் சாதுவாக இருக்க, இடது இடுப்பில் மட்டும் ஒரு புள்ளி பளீரென்று எரிந்தது. போன வருடம் புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்த உடம்பு அது. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

“அடிக்க மாட்டேன் சார்.”

“ஏன்?”

“இது தட்டைப் படம். புள்ளி இருக்கிறது தெரியுது. எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு தெரியல. கேமராவைச் சுத்த விட்டு எடுத்துப் பார்த்துடலாம்.”

“இந்த மாதிரிப் புள்ளி எத்தனை பார்த்தாச்சு! ஆசைக்கெல்லாம் படம் எடுக்கக் கூடாது.”

“ஆசைக்கு இல்ல சார். சந்தேகத்துக்கு.”

“உனக்கு வந்திருக்கிறது சந்தேகமில்ல, அழுகை. ஒரு பேஷன்ட்டுக்குப் போய் மூக்கை உறிஞ்சிட்டு உக்காந்திருக்க.”

“வேற பேஷன்ட்டா இருந்தா நீங்களே ‘சுத்தி எடும்மா’ன்னு சொல்லியிருப்பீங்க. நேத்து எடப்பாடிக்காரருக்குச் சொன்னீங்கல்ல? இவருக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?”

டாக்டர் சிரித்துவிட்டார். “உன் வாயை மொதல்ல ஸ்கேன் எடுக்கோணும்.”

பிறகு மூடியிருந்த கதவைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

“ஊட்டுக்காரம்மா வெளிய உக்காந்திருக்கு. காலையில இருந்து பல்லுல பச்சைத்தண்ணி படல. அதுகிட்ட நீ போய்ச் சொல்லிரு.”

“நானா? கெட்ட சேதியை எப்பவும் நீங்கதானே சொல்லுவீங்க? கேக்கறவங்க மனசு நோகாம உங்களை மாதிரிச் சொல்ல ஆளில்லன்னு சேலமே பேசுது.”

“இன்னிக்கு எனக்கு வராது கண்ணு.”

லிடியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப சுத்தி எடுத்துடலாம். அதுலயும் எலும்புலதான்னு வந்துச்சுன்னா, நானே போய்ச் சொல்றேன்.”

டாக்டர் எழுந்தார். “மிஷினைத் தயார் பண்ணு. பேஷன்ட் வந்துருவாரு.”

கொஞ்ச நேரத்தில் கேமராவின் மேசையில் ஆள் படுத்தாயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து லிடியா மைக்கில் பேசினாள். “கையைத் தலைக்கு மேல வச்சுக்கங்க. அசையாதீங்க. இருமல் வந்தாலும் அடக்கிக்கங்க.”

கேமரா கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி நகர்ந்து நின்றது. அது சுற்றி முடிக்கும்வரை அந்த உடம்பு ஒரு தடவைகூட அசையவில்லை. பயத்தை இப்படி அடக்கிக்கொண்டு கிடந்த ஆளை லிடியா பார்த்ததே இல்லை.

டாக்டர் மறுபடி வந்து அதே சுவரோரம் உட்கார்ந்தபோது, கணினி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு கோணத்திலும் வந்து விழுந்த கதிர் எங்கேயிருந்து கிளம்பியிருக்கும் என்று பின்னோக்கிப் போய்த் தேடியது. முதலில் ஏற்காட்டு மலைப்பனி மாதிரி ஒரே வெண்மை. அப்புறம் ஒரு நிழல். தான் வரைந்ததைத் தானே நம்பாமல், கேமரா கொடுத்த படங்களோடு ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி வரைந்தது. நிழலுக்குள் மெல்ல மெல்ல எலும்பு தெளிந்தது.

“நம்மளவிட இதுக்குப் பொறுமை ஜாஸ்தி,” என்று முணுமுணுத்தார் டாக்டர்.

பூசணிக்காயைக் கீற்றுப் போடுவதுபோல் லிடியா அந்த உருவத்தைக் குறுக்கே வெட்டி வெட்டிப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“சார்! கிட்ட வந்து பாருங்க.”

“இங்கிருந்தே தெரியுது. சொல்லு.”

“இது இடுப்பெலும்பு. சுத்தமா இருக்கு. இது தோலோட விளிம்பு. புள்ளி…” அவள் விரல் திரையில் நகர்ந்தது. “புள்ளி தோலுக்கும் வெளிய இருக்கு சார். உடம்புலயே இல்ல!”

டாக்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். “இன்னொருக்கா வெட்டு. மேல இருந்து.”

வெட்டினாள். எலும்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம், நடுவே தெளிவான இடைவெளி.

“தட்டையாப் பார்க்கறப்ப எலும்பு மேல விழுந்த மாதிரித் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான் சார்.”

நீண்ட மூச்சு விட்டார் டாக்டர். “நீ மட்டும் மல்லுக்கு நிக்கலீன்னா இந்நேரம் ரிப்போர்ட் போயிருக்கும். கெட்டிக்காரி சாமி நீ!”

“இருக்கட்டும். வெளிய அப்படி என்ன இருக்கும்?”

“பஞ்சுதான். ஊசி குத்துன இடத்துல அழுத்திப் பிடிக்கக் குடுப்போமில்ல? மருந்து ஒரு சொட்டு அதுல ஊறியிருந்தாப் போதும்.”

“குப்பையில போடச் சொல்லித்தானே குடுக்கிறோம்?”

“ஜலகண்டாபுரத்துல தறிக்காரன் ஊட்டுல பொறந்தவனுக்கு அது வராது கண்ணு. பஞ்சு பறந்து நூல்ல ஒட்டிக்கும்னு கீழ போடாம இடுப்புல செருகிக்குவான். கை தானாப் போகும்.”

லிடியா அழுதுகொண்டே சிரித்தாள். “அந்தம்மாகிட்ட யார் சொல்றது?”

“நானே சொல்றேன். முதுகுல ரெண்டு வுழுகும், வாங்கிக்கறேன்.”

எழுந்து நின்று வெள்ளைக் கோட்டை விலக்கி, பெல்ட் கொக்கி படத்தில் விழக் கூடாதென்று இன்று கட்டி வந்திருந்த வேட்டியின் மடிப்பைத் துழாவி, காலையில் தன் முழங்கையில் லிடியா வைத்து அழுத்திய பஞ்சை வெளியே எடுத்தார் டாக்டர் தனசேகர்.