மேடைப் பட்டு

“அந்த மயில் பட்டு எனக்கே வேணும், முதலாளி.”

கடைப் புடவையை மட்டும் கேட்டுவிடாதே என்று நாடகக் கம்பெனியில் எல்லோரும் கருப்பம்மாளை எச்சரித்திருந்தார்கள். மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்தபின் ஈப்போ டவுனில் பட்டு விற்றது முருகப்பன் கடை ஒன்றுதான். கடை நோட்டீஸில் இருப்பது அவள் படம். காலையில் வாங்கிப்போன கடைப் பட்டைக் கட்டி இரவு மேடையில் ஆடுவாள். திரை விழுந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

“இன்னைக்கு என்னா புதுசா?” என்றார் திரைக்குப் பின்னால் நின்ற முருகப்பன்.

“ரப்பர் தோட்டத்துல என் கூட்டாளி பாவாயிக்குக் கல்யாணம். துணிப் பஞ்சத்துல அவ கோணிச்சாக்கைக் கட்டிக்கிட்டா மணவறையில உக்காரணும்?”

“கோணி கட்டுற கூட்டத்துக்கா நான் பட்டு வச்சிருக்கேன்? மேடைக்குப் போ புள்ள, நேரமாச்சுலா. நீ எதைக் கட்டினாலும் மறுநாள் டவுன் பொம்பளைங்க அதையேதான் கேட்டு வாராங்க.”

“நெசமாவா?”

“உன் மவுசு அப்படி.”

உடம்பு முழுக்கப் போர்த்தியிருந்த போர்வையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். உள்ளே அவள் கட்டியிருந்தது கோணி.

“ஐயையோ, பட்டு எங்க?”

“காலையிலேயே பாவாயிக்குக் கட்டிவிட்டுட்டேன். இது அவளோட கோணி. நாளைக்கு டவுன்காரிங்க இதைத்தானே கேட்டு வருவாங்க? சாக்கு நிறைய வாங்கி வைங்க, முதலாளி.”

திரை விலகியது. கருப்பம்மாள் நிமிர்ந்த தலையோடு விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்தாள்.