எட்டாவது மணியோசை

செத்துப்போன குத்துச்சண்டை வீரனுக்கு மேடையில் பத்து முறை மணி அடிப்பது, போட்டிகளை நடத்தும் கம்பெனியின் வழக்கம். உயிரோடு இருப்பவனுக்கு எந்த வழக்கமும் கிடையாது. இருபது வருடம் கம்பெனிக்காகக் குத்து வாங்கிய ஞானமுத்து, போட்டி நாளில், நோயில் நடுங்கும் கைகளோடு மேடையேறி மல்லாந்து படுத்துக்கொண்டார்.

“வைத்தியத்துக்குப் பணம் தர முடியாதுன்ட்டீங்க. என் மணியையாவது இப்பவே அடிச்சிடுங்க முதலாளி, காதால கேட்டுக்கினு போறேன்.”

அரங்கம் நிறைந்திருந்தது. முதலாளி சிட்டிபாபு வேறு வழியில்லாமல் மணியை மேடைக்கே கொண்டுவந்து அடித்தார். விழுந்த வீரனுக்கு நடுவர் பத்து வரை எண்ணுவதுபோல், கூட்டம் சேர்ந்து எண்ணியது. எட்டாவது மணிக்கு ஞானமுத்து கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுங்கும் முஷ்டிகளைத் தாடைக்கு உயர்த்தினார்.

“பத்துக்குள்ள எழுந்துட்டேன். ஆட்டம் இன்னும் முடியல.”

மேடையில் அவருக்கு எதிரே, கையில் மணியடித்த சுத்தியலோடு, சிட்டிபாபு மட்டும்தான் நின்றிருந்தார்.