எறும்புக்கடி

இரண்டில் எது வேண்டும் என்று மேனேஜர் கேட்டு முடிப்பதற்குள் கையால் அடிக்கிற கிரீஸ் கன்னை அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டுமே மெஷினுக்குக் கிரீஸ் அடிக்கிற கன்தான். ஒன்று காற்றில் ஓடுவது. கம்ப்ரஸரின் காற்றுக் குழாயை மாட்டி விசையைத் தொட்டால் போதும், கிரீஸ் பீய்ச்சும். மற்றது கை கன், கையால் பம்ப் அடிப்பது. கனத்த இரும்பு. ஒரு பேரிங்குக்கு அடித்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும்.

"அதைய வெய்யி," என்றார் மேனேஜர் குழந்தைவேலு. "கிரஷர நிறுத்தி எத்தன நேரமாச்சு? நீ பம்ப் அடிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுதே உழுந்துரும். காத்து கன்ன எடு."

அவள் எடுக்கவில்லை.

மாரப்பனின் கையைத் தின்றது அந்தக் காற்று கன்தான்.

மாரப்பன் அவள் புருஷன். போன வருஷம் வரைக்கும் இந்தக் கல் கிரஷரில் கிரீஸ் அடித்தவன். ஒருநாள் முனை நழுவி உள்ளங்கையில் ஒரு பொட்டு விழுந்தது. ரத்தம்கூட வரவில்லை. எறும்பு கடிச்சாட்டம் இருக்குது, இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, போயி வேலையப் பாரு என்று அனுப்பிவிட்டார் குழந்தைவேலு. அவனும் போய் வேலையைப் பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனுக்கு அவள் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள்.

மூன்றாம் நாள் கை கறுத்துவிட்டது. முழங்கையோடு எடுத்தார்கள்.

அன்னிக்கே வந்திருந்தா உள்ள போன கிரீஸைக் கீறி வழிச்சு எடுத்திருக்கலாமேம்மா என்றார் டாக்டர்.

சர்க்கரை இருந்திருக்கும், அதான் கை போச்சு என்றார் குழந்தைவேலு. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியும் விட்டார். பெரிய மனசு பண்ணி மாரப்பனின் வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

"பயந்தாங்கொள்ளி," என்று சொல்லிக்கொண்டே இப்போது அவரே காற்று கன்னைத் தூக்கினார். முனையில் கல்தூசி அப்பியிருந்தது. இடது ஆள்காட்டி விரலால் துடைத்தார். வலது கை விசையில் இருந்தது.

சுர்ரென்று ஒரு சத்தம்.

அவர் விரலை உதறினார். பார்த்தார். சிரித்தார்.

விரல் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ரத்தம் இல்லை.

"பாத்தியா? எறும்பு கடிச்சாட்டம். இதுக்குப் போயி அன்னிக்கு என்னா ஆர்ப்பாட்டம்!"

அவள் வயிறு குளிர்ந்தது.

மறைப்பானேன். அப்படி ஒரு சந்தோஷம் இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு வந்ததில்லை. சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். மிச்சத்தை அந்தப் பொட்டு பார்த்துக்கொள்ளும்.

அவள் சும்மா இருந்தாள்.

வெயில் கொளுத்தியது. குழந்தைவேலு சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி நெஞ்சுக்குள் ஊதிக்கொண்டார். அந்த விரலால்தான் கழற்றினார்.

மாரப்பனுக்குத் தினமும் காலையில் அவள்தான் பித்தான் போட்டுவிடுகிறாள். போட்டு முடிக்கும் வரைக்கும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

இந்த ஆளுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்?

சனியன் பிடித்த வாய், திறந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எதுக்கு?"

"இப்பவே போங்க. கிரீஸு உள்ளுக்குள்ள போயிருச்சுங்க. கையே போயிருமுங்க."

லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். அவளை நம்பினால் சர்க்கரைக் கதை என்னாவது? குழந்தைவேலு கையை வீசினார்.

"போயி வேலையப் பாரு."

அதே வாய். அதே பேச்சு.

அவள் கெஞ்சினாள். குறுக்கே போய் நின்றாள். அவர் அவளை நெட்டித் தள்ளிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்.

கை கன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

முதல் அடி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் ஐயோ என்று முட்டி போட்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட அது போதும். அவளுக்கும் அது தெரியும்.

இரண்டாவதை விலாவில் போட்டாள்.

மூன்றாவது நெற்றியில். ரத்தம் கண்ணை மறைத்துக்கொண்டு கொட்டியது. அடுத்ததுக்கு ஓங்கியபோது பிடித்துவிட்டார்கள்.

மயிரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். ஒருவன் அறைந்தான். ஒருவன் ஏறி மிதித்தான். குழந்தைவேலுவைப் பொலிரோவில் அள்ளிப் போட்டார்கள். டிரைவர் செங்கோடன் வண்டியைத் திருப்பினான்.

"செங்கோடா! வெரலு!" அவள் தரையில் கிடந்தபடியே கத்தினாள். "மண்டைய அப்பறம் பாத்துக்கட்டும். மொதல்ல வெரலக் காட்டு! உள்ள கிரீஸு இருக்குதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லுடா!"

அந்த வாயிலேயே ஓர் உதை விழுந்தது.

கன்வேயர் தூணோடு சேர்த்து அவளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போலீசுக்குச் சொன்னார்கள்.

பொழுது சாயப் போலீஸ் ஜீப் வந்தபோது பின்னாலேயே பொலிரோவும் வந்தது. செங்கோடன் இறங்கி அவள் எதிரில் வந்து நின்றான். கிழிந்த உதட்டைப் பார்க்க மாட்டாமல் தூணைப் பார்த்துப் பேசினான்.

"கீறிட்டாங்கக்கா. உள்ளங்கை வரைக்கும் கிரீஸாமா. வழிச்சு எடுத்துட்டாங்க. இன்னொரு நாள் உட்டிருந்தா கையவே எடுத்திருக்கோணும்னு டாக்டர் சொல்றாரு."

"கை?"

"தப்பிச்சுப்போச்சு."

அத்தனை உதைக்கும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போலீஸ்காரி கட்டை அவிழ்த்தாள்.

உள்ளங்கையில் பொட்டு விழுந்த அன்றைக்கு மாரப்பனை இப்படி யாரும் அடிக்கவில்லை.