செரினுக்குக் கேட்கும்

இரண்டாவது வேக்குவம் கிளீனரை விற்பனைப் பெண் ஓடவிட்டாள்.

குழந்தையின் தாய் அதைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

கீழுதடு பிதுங்கியது. கண்கள் நிறைந்தன. இரண்டு கைகளும் விரிந்து அவள் புடவையைப் பற்றின.

அவள் கையை உயர்த்தினாள். வேண்டாம்.

அவளுக்குக் காது கேட்காது. பக்கத்தில் நின்ற கணவன் அருள்தாஸுக்கும் கேட்காது. ஐந்து மாதக் குழந்தை செரினுக்குக் கேட்கும். பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனையில் பரிசோதித்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அருள்தாஸ் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான்.

வீட்டிலிருக்கும் பழைய வேக்குவம் கிளீனர் பழுதாகவில்லை. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பாலக்கரை வீட்டின் முன்னறையில் அவள் ரவிக்கை தைக்கிறாள். தரையெல்லாம் வெட்டிய நூல், துணிப் பிசிறு. எப்போதாவது ஒரு குண்டூசி. குழந்தை குப்புற விழத் தொடங்கியதும், கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போயிற்று. அதிலிருந்து காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மூலை முடுக்கு விடாமல் சுத்தம் செய்தாள்.

இரண்டு முறையும் குழந்தை அழுதது.

வயிற்று வலி என்று நினைத்தாள். மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். அதைக் கொடுத்து, வயிற்றைத் தடவித் தூங்கவைத்து, தொட்டிலைத் தன் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அழுதால் உடனே கண்ணில் படட்டும் என்றுதான்.

போன வாரம் மாடிவீட்டு ஷமீம் அக்கா அளவு ரவிக்கை கொடுக்க வந்தாள். அப்போதும் கிளீனர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஷமீம் அக்கா நேராகத் தொட்டிலுக்குப் போய், இரண்டு உள்ளங்கைகளாலும் குழந்தையின் காதுகளைப் பொத்தினாள்.

குழந்தையின் வாய் மூடியது.

கைகளை எடுத்தாள். வாய் மறுபடி பிளந்தது.

பிறகு கைபேசியில் எழுதிக் காட்டினாள். "புள்ளைக்கு வயித்து வலி இல்லம்மா. இந்த மெஷின் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது."

அவளுக்கும் அருள்தாஸுக்கும் அந்த மெஷின் உள்ளங்கையில் ஓடும் ஓர் அதிர்வு. அவ்வளவுதான். அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்கவும் செய்யும்.

அருள்தாஸ் வேலை முடிந்து வந்ததும் சைகையில் சொன்னாள். எத்தனை நாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே. பாதியில் கைகள் நின்றுவிட்டன.

அவன் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். பிடித்திருக்கும்வரை இருவராலும் எதுவும் பேச முடியவில்லை.

இப்போது விற்பனைப் பெண் மூன்றாவதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செல்வராணி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"இருக்கறதுலயே இதுதான் சார் சத்தம் கம்மி" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, அதையே கைபேசியில் எழுதிக் காட்டினாள்.

அருள்தாஸ் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிச் சத்தத்தின் அளவைத் தேடினான். முதல் இரண்டுக்கும் எழுபத்தெட்டு, எழுபத்தாறு. இதற்கு அறுபத்தெட்டு. அவன் முகம் தெளிந்தது. இதுவே போதும் என்று சைகை காட்டினான்.

செல்வராணி ஓடவிட்டாள்.

குழந்தை அழுதது.

அருள்தாஸ் பெட்டியை மறுபடியும் பார்த்தான். அறுபத்தெட்டுதான்.

செல்வராணி அணைத்தாள். அழும் குழந்தையையும், அதன் முகத்தைவிட்டுக் கண் எடுக்காத தாயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுதினாள். "சத்தம் கம்மிதான். ஆனா கீச்சுன்னு இருக்கு. பாப்பாவுக்கு அதுதான் ஆகல. இருங்க, வரேன்."

பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். குட்டையாக, சாம்பல் நிறத்தில், அழகென்று சொல்ல ஏதுமில்லாமல் இருந்தது. எழுபத்திரண்டு. அருள்தாஸ் தலையை ஆட்டினான். கூடுதல்.

செல்வராணி அதைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. கடையின் அந்தக் கோடியில் வைத்து ஓடவிட்டாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒவ்வோர் அடியாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

குழந்தை தலையைத் திருப்பியது. புருவம் சுருங்கியது.

தாய் அதன் கீழுதட்டைப் பார்த்தாள்.

உதடு பிதுங்கவில்லை. குழந்தை கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, நெருங்கி வரும் அந்தச் சாம்பல் நிறப் பொருளையே பார்த்தது.

அவள் குனிந்து கிளீனரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பழையதைப் போலில்லை. நிதானமான அதிர்வு.

இது, என்றாள் சைகையில்.

அருள்தாஸ் பில் போடப் போனான். அவள் நாற்காலியில் குழந்தையோடு காத்திருந்தாள்.

அவள் குரல் எடுத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கும். பள்ளியில் ஒருமுறை எழுந்து தன் பெயரைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. சிரித்த முகங்களைத்தான் தெரியும். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. வீட்டில் அதற்குத் தேவையும் வரவில்லை.

குழந்தையைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"செரின்" என்றாள்.

கடையில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த செல்வராணியின் கை நின்றது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் கீழுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இன்னொரு முறை கூப்பிட்டாள்.