கூரையில் ஒரு குறை

"பன்னிரண்டாயிரம் பவுண்டா? என்ன, வெளையாடறாங்களா?"

லொரேன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே ஒருமுறை முறைத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டாள்.

வீட்டு புரோக்கர் டானியா கெஞ்சினாள். "நான் என்னங்க பண்றது? வீட்டைச் சோதிக்கற சர்வேயர் வந்து பார்த்தார்ல? நிலவறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டார். வெலையைக் குறைச்சாத்தான் வாங்குவோம்னு அந்தப் புருஷன் பொண்டாட்டி ஒரே பிடியா நிக்கறாங்க."

"பேசின வெலை பேசின வெலைதான். கையெழுத்துப் போடற நேரத்துல கழுத்தைப் பிடிச்சா எப்படி? சின்னஞ்சிறுசுங்கன்னு பாவம் பார்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும். ஏமாத்துக்காரங்க!"

ஓதம் இருப்பது லொரேனுக்குத் தெரியும். வீட்டைக் காட்டும்போது அந்தச் சுவரை மறைத்துப் பழைய அலமாரியை நிறுத்தியதே அவள்தான்.

முன்னறையில் அவள் கணவர் டெரிக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரால் படி ஏற முடியாது. குளியலறையோ மாடியில். வாளியும் துணியுமாகக் கீழேயே துடைத்துத் துடைத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஊரின் மறுகோடியில், படியே இல்லாத ஒரு சின்ன வீடு அமைந்திருந்தது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

"ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து பின்வாங்கிட்டாங்க," என்றாள் டானியா. "இவங்களும் போனா அந்த வீடும் கைவிட்டுப் போயிடும். நீங்களும் அந்த வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் குறைச்சுக் கேளுங்களேன். உங்க சர்வேயர் ஏதாவது குறை சொல்லியிருப்பாரே?"

சொல்லவில்லை. 'கல்லு மாதிரி இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்குங்க' என்றுதான் சொல்லியிருந்தார்.

மறுநாள், ஹாலிஃபாக்ஸ் நகரத்து மழையில் பஸ் பிடித்து அந்த வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்காரர் ஆக்டன் எண்பதை நெருங்கியவர். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி போனபிறகு தனியாளுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று விற்கிறார்.

"வாம்மா, உள்ள வா. இப்படியா நனைஞ்சுட்டு வருவே? இரு, டீ போடறேன்."

டீயில் வாய் வைக்காமலே அவள் ஆரம்பித்தாள். "மிஸ்டர் ஆக்டன், சர்வே பண்ணினோம். அதுல... கூரை சரியில்லைன்னு சொல்றாங்க."

"கூரையா?"

"ஆமா. மேல ஓடெல்லாம் போயிடுச்சாம். மொத்தமா மாத்தணுமாம். அதனால வெலையில கொஞ்சம்..."

அவர் தன் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

லொரேன் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். 'எந்த சர்வேயர்? கூட்டிட்டு வா' என்பார். 'வேற ஆளுக்கு வித்துக்கறேன், போ' என்பார். பஸ்ஸில் வரும்போதே பதில்களைச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"எவ்வளவு குறைக்கணும்?"

"பன்னிரண்டாயிரம்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சரிம்மா."

"சரியா?"

"அதான் சரிங்கறேனே. வக்கீல்கிட்ட நான் சொல்லிடறேன். ஆமா, உன் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு? தூங்கறாரா?"

"அவர் தூங்கறார்."

"நீ?"

அவள் டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மனசு வேறு கணக்குப் போட்டது. ஒரு வார்த்தை பேரம் பேசாமல் யாராவது பன்னிரண்டாயிரத்தை விடுவார்களா? அப்படியென்றால் கூரை நிஜமாகவே ஓட்டைதான். சர்வேயர் என்ன ஏணி போட்டு ஏறியா பார்த்தான்? கிழவருக்குத் தெரியும். தெரிந்தே மறைத்திருக்கிறார்.

வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆனாலும் விற்பதும் வாங்குவதும் ஒருவழியாக முடிந்தது. குடிவந்த அன்றே டெரிக்கைச் சக்கர நாற்காலியில் நேராகக் குளியலறைக்குத் தள்ளிப்போய், தலையோடு வெந்நீர் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோணிய வாயால் சிரித்தார்.

அந்த வாரமே பெருமழை பிடித்துக்கொண்டது. லொரேன் அறைக்கு ஒரு பாத்திரமாக வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

மழை விட்டதும் பக்கத்து வீட்டு மொய்ரா கேக்கும் கையுமாக வந்தாள். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

"ஆக்டன் மாதிரி ஒரு மனுஷன் பக்கத்து வீட்டுல அமையறது கஷ்டம்டி. இப்ப ஒத்த ரூம்ல இருக்கார். தங்கச்சியைப் பார்க்கக் கனடா போறேன், போறேன்னுட்டிருந்தார். கை கொஞ்சம் இறுக்கம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னுட்டார். ஆமா, இதென்ன, தரையெல்லாம் பாத்திரம்?"

"கூரை ஒழுகும்னுதான். பழசாச்சே."

"பழசா? போன வருஷம்தானேடி மொத்தத்தையும் பிரிச்சுப் புதுசா போட்டார்! எங்க வாசலை அடைச்சுல்ல சாரம் கட்டியிருந்தாங்க..."

மொய்ரா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ, சொல்லிட்டேனே!"

"ஏன்? சொன்னா என்ன?"

"எனக்கென்ன தெரியும்? போற அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்: 'கூரையைப் பத்தி மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட வாயைத் திறக்காதே மொய்ரா. பாவம், பொய் சொல்லிப் பழக்கமே இல்லாதவ. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அந்த வீட்டுல அவளால நிம்மதியா இருக்க முடியாது.'"